நிறுத்தும் தேதியை எழுதுங்கள்: ஒரு கொள்கைப் பிரகடனம்

சத்து மாத்திரைகளைக் காரணம் தெரியாமலும் அளவு தெரியாமலும் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மருந்தாளுநர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், நோயாளிகளின் குடும்பத்தினர் எனப் பலரும் இதில் சேர்ந்திருக்கிறோம். எங்கள் முதல் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். எந்தச் சத்து மாத்திரையையும் எழுதித் தருபவர், அதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதையும் சீட்டில் எழுத வேண்டும். இந்தப் பிரகடனத்தில் உள்ள மற்றவை இந்தக் கோரிக்கைக்கான காரணங்களும் இதையொட்டிய கோரிக்கைகளும்தான்.

கொரோனா காலத்தில் ஜிங்க் மாத்திரை நம் வீடுகளுக்குள் வந்தது. காய்ச்சல் கண்டவர்களுக்கு எழுதித் தந்தார்கள். காய்ச்சல் காணாதவர்களும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உயிர்பயம் எல்லோரையும் பிடித்திருந்த நேரம் அது; அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் 2021 பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனை ஆய்வு வெளிவந்துவிட்டது. 214 கொரோனா நோயாளிகள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஜிங்க் 50 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்கு வைட்டமின் சி, வேறொரு பிரிவினருக்கு இரண்டும் என்று 10 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களைவிட யாரும் சீக்கிரம் குணமாகவில்லை. பயன் தெரியாததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இங்கே தொற்று ஓய்ந்த பிறகும் மாத்திரை ஓயவில்லை. எதிர்ப்புச் சக்திக்கு என்று சிலர் தொடர்ந்தார்கள், முடி கொட்டுகிறது என்று சிலர் தொடர்ந்தார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதாலேயே தொடர்ந்தவர்கள்தான் அதிகம்.

ஜிங்க் கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஜிங்க் எனப்படும் துத்தநாகம் இல்லாமல் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்று உலகத்துக்குச் சொன்னவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, இருபது வயதாகியும் சிறுவர்களைப் போல இருந்த இளைஞர்களைக் கண்டார். அவர்கள் பெரும்பாலும் ரொட்டியை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்கள். அந்த ரொட்டியில் இருந்த ஃபைட்டேட் என்ற பொருள், உணவிலிருந்த கொஞ்ச நஞ்சத் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. 1961இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு எகிப்தில் செய்த ஆய்வு 1963இல் அதை உறுதிப்படுத்தியது. அதே பிரசாத்தும் அவருடைய சகாக்களும் 1978இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். சிகிச்சைக்காக ஜிங்க் கொடுக்கப்பட்ட பெரியவர்களின் ரத்தத்தில் தாமிரம் குறைந்துபோகிறது என்பதே அதன் செய்தி. பற்றாக்குறையைக் கண்டுபிடித்தவரே மிகுதியின் தீங்கையும் பதிவு செய்தார். அரை நூற்றாண்டாகத் தெரிந்த இந்த விஷயத்தை, தினமும் ஜிங்க் மாத்திரை விழுங்கும் ஒருவருக்குச் சொல்ல ஆள் இல்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

தாமிரம் ஏன் குறைகிறது என்பதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். ஜிங்க் அதிகமாக உள்ளே போகும்போது குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் ஜிங்கைவிடத் தாமிரத்தையே இறுக்கமாகப் பிடிக்கும். குடல் சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்துவிடுபவை. உதிரும்போது, பிடித்துவைத்த தாமிரமும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் தாமிரமே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதுவும் தினம் தினம் வெளியேறினால் சில மாதங்களில் கையிருப்பு கரைந்துவிடும். உடலில் தாமிரம் அளவுக்கு மீறிச் சேரும் வில்சன் நோய்க்கு இதே வழியில்தான் ஜிங்க் மருந்தாகிறது. அமெரிக்க அரசு 1997இல் அதற்கு ஒப்புதல் தந்தது. ஆக, தாமிரத்தை வெளியேற்றுவது ஜிங்கின் தற்செயலான குணம் அல்ல, மருத்துவம் தெரிந்தே பயன்படுத்தும் குணம். தாமிரம் மிகுந்தவருக்கு அது மருந்து. மற்றவர்களுக்கு?

தாமிரம் குறைந்தால் முதலில் ரத்தம் குறைகிறது. ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் சரியும். ஹீமோகுளோபின் குறைந்ததும் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், அதில் ஏறாது. எலும்பு மஜ்ஜையைச் சோதித்தால் ரத்தப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையோ என்று சந்தேகிக்கும்படிகூட இருக்கலாம். அடுத்து நரம்பு. பாதத்தில் எறும்பு ஊரும். தரை பஞ்சாகத் தெரியும். நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியாது. பகலில் ஒருவாறு நடந்துவிடுபவர் இருட்டில் தடுமாறுவார். வாஷ் பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் முன்பக்கம் சாய்வார். கால் எங்கே இருக்கிறது என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் தண்டுவட நரம்புகள் பழுதானதன் அடையாளம் இது. பி12 குறைபாட்டிலும் இப்படியே நேரும் என்பதால் பி12 ஊசி போடுவார்கள். ஊசிக்குப் பிறகும் தடுமாற்றம் நிற்காவிட்டால் தாமிரத்தைப் பார்க்க வேண்டும். ஜிங்கை நிறுத்தித் தாமிரம் கொடுத்தால் ரத்தம் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறது. நரம்பு அப்படித் தேறுவதில்லை. பலருக்குப் பாதிதான் திரும்புகிறது. நாங்கள் அவசரப்படுவது இதனால்தான்.

மாத்திரையாகவே போக வேண்டும் என்றும் இல்லை. பல்செட் ஒட்டும் பசையில் ஜிங்க் இருந்தது; அந்தப் பசையை மிக அதிகமாகப் பயன்படுத்திய நான்கு நோயாளிகளுக்கு இதே நரம்புக் கோளாறு வந்ததாக 2008இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். இதை முன்கூட்டியே உணர்ந்து நடந்தவர்களும் உண்டு. முதுமையில் விழித்திரை தேய்வதைத் தடுக்க 80 மில்லிகிராம் ஜிங்க் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வில், கூடவே 2 மில்லிகிராம் தாமிரத்தையும் சேர்த்தே மாத்திரை செய்தார்கள்.

அளவு எவ்வளவு? நல்ல ஆரோக்கியமுள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் 10 வாரம் ஜிங்க் கொடுத்த ஓர் ஆய்வு 1989இல் வெளிவந்தது. அவர்களின் சிவப்பணுக்களில் தாமிரத்தை நம்பி இயங்கும் ஒரு நொதியின் செயல் குறைந்திருந்தது. அந்த ஆய்வை அடிப்படையாக வைத்தே, பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 40 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் 2001இல் வகுத்தார்கள். இது உணவும் மாத்திரையும் சேர்ந்த கணக்கு. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்காக, குறிப்பிட்ட காலத்துக்கு இதைத் தாண்டிக் கொடுக்கலாம். தானாகப் போட்டுக்கொள்பவருக்கு இதுதான் எல்லை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இனி நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்போம். தோல் மருத்துவர் தந்தது ஒரு அட்டை. எலும்பு மருத்துவர் எழுதிய கால்சியம் மாத்திரையிலும் ஜிங்க் கலந்திருக்கலாம். அசதிக்கென்று வாங்கிய மல்டிவைட்டமினிலும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் அன்போடு கொண்டுவந்த பெரிய பாட்டிலிலும் இருக்கலாம். நான்கையும் கூட்டிப் பார்த்தவர் யார்? அட்டையைத் திருப்பினால் பளபளக்கும் வெள்ளித் தாளில் பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். ஒன்றில் ஜிங்க் சல்பேட் 220 மில்லிகிராம் என்று இருக்கும். இன்னொன்றில் ஜிங்க் 50 மில்லிகிராம் என்று இருக்கும். இரண்டிலும் உள்ள ஜிங்க் ஒரே அளவுதான் என்பது மருந்து படித்தவருக்குத்தான் தெரியும். கடைக்காரர் கத்தரியால் நறுக்கித் தந்த நாலு மாத்திரைத் துண்டில் பெயரே பாதிதான் இருக்கும். இந்தக் கணக்கை நோயாளி போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

கால்சியத்தின் கதையும் இதேதான். மூட்டு வலிக்கு ஒருமுறை எழுதிய சீட்டை வைத்து ஐந்தாறு ஆண்டு கால்சியம் வாங்குகிறவர்களை எங்களில் உள்ள மருந்தாளுநர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. ஜிங்க், கால்சியம் போல வைட்டமின் டி ஒரு தாது அல்லதான். ஆனால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுவது அதுவே. 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்று எழுதினால், அதை எட்டு மாதம் சாப்பிட்டு வருகிறவர்கள் உண்டு. தீராத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் என்று வந்து நின்றால் காரணம் அந்தப் பாக்கெட்டாக இருக்கலாம். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கால்சியத்தையோ இரும்பையோ விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் நம் பழக்கத்தில் அந்த இடைவெளிக்கு ஏது இடம்?

இரும்பைப் பற்றி நாங்கள் கவனமாகப் பேச விரும்புகிறோம், ஏனென்றால் நம் நாட்டில் இரும்புக் குறைபாடு உண்மையான, பெரிய துன்பம். கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் அரசு தரும் இரும்பு மாத்திரையை யாரும் இந்தப் பிரகடனத்தைக் காட்டி நிறுத்தக் கூடாது. நாங்கள் சொல்வது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. தலசீமியா பண்பு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் பிறவியிலேயே சற்றுக் குறைவாக இருக்கும், சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும். இரும்புச் சேமிப்பு சரியாக இருந்தால் மாத்திரை ஹீமோகுளோபினை ஏற்றாது. அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் அளவு பாராமல் அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் டானிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. மிகுதியான இரும்பை வெளியே தள்ள மனித உடலுக்கு வழி கிடையாது. அதுபோலச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் கலந்த மலமிளக்கியும் அமிலம் தணிக்கும் மருந்தும்கூட ஆபத்தாக முடியலாம்.

நிறுத்தும் தேதி நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு பதில். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு ஜிங்க் கொடுக்கச் சொன்னபோது, 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் என்று சேர்த்தே சொன்னார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு அதே மாத்திரையைத் தரும் செவிலியர் 14 நாள் என்று சொல்லித்தான் தருகிறார். குழந்தைக்கு எண்ணிக் கொடுக்க முடிந்தது பெரியவருக்கு ஏன் முடியாது?

ஆகவே நாங்கள் கேட்கிறோம். மருத்துவர்களே, ‘தொடரவும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு சத்து மாத்திரையை எழுதாதீர்கள். ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்ட பிறகு எழுதுங்கள். காரணம் புரியாத ரத்தசோகையோ நடைத் தடுமாற்றமோ உள்ளவரிடம் ஜிங்க் சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். மருந்துக்கடை நடத்துபவர்களே, பழைய சீட்டை நீட்டுபவரிடம் மருத்துவரை மறுபடி பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தயாரிப்பாளர்கள் உப்பின் எடையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தாதுவின் எடையை அட்டையில் தமிழிலும் அச்சிட வேண்டும். ஒரு நாளைய உச்சவரம்பையும் பக்கத்திலேயே போட வேண்டும். அரசு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் ரத்தத் தாமிர அளவைப் பார்க்க வழி செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டுவரும் ஊழியர்கள், வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவையும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளப் பயிற்சி தர வேண்டும்.

எங்களுக்கும் சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொள்கிறோம். சத்து மாத்திரை, பவுடர், டானிக் தயாரிக்கும் எந்த நிறுவனத்திடமும் நன்கொடை வாங்க மாட்டோம். மாத்திரைக்குப் பதிலாக இந்த லேகியம், அந்தச் சூரணம் என்று எதையும் விற்க மாட்டோம். ஆங்கில மருத்துவத்தைப் பழிப்பவர்களுக்கு எங்கள் மேடையில் இடமில்லை. நாங்கள் இங்கே சொன்ன ஒவ்வொன்றும் அந்த மருத்துவம் கண்டறிந்ததே. எள், கொண்டைக்கடலை, முந்திரி, ஈரல் என்று உணவிலிருந்து வரும் துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்தே வருகின்றன என்பதை மட்டும் பள்ளிகளில் போய்ச் சொல்வோம்.

படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள ஒவ்வொரு சத்து மாத்திரையின் பெயரையும், அதைத் தந்தவர் யார், எப்போது தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரையால் தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண்ணான 1800-180-3024ஐ அழைத்து நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகப் புகார் பதிவு செய்யலாம்.