வாசற்படியும் வயோதிபரும்

இல்லத்தின் உறுப்புகளுள் வாசற்படியைப் போல் நாடோறும் மிதிபடுவதும் நாடோறும் மறக்கப்படுவதும் பிறிதொன்றில்லை. சுவரிலே வெடிப்புக் கண்டால் கவலையுறுகிறோம். கூரை ஒழுகினால் உடனே ஏணி தேடுகிறோம். படியிலே ஒரு கல் ஆடினால் மட்டும், "பார்த்து மிதியுங்கள்" என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு அப்பாற் செல்கிறோம். நாமும் அவ்வாறே சென்றோம். அதனால் விளைந்தது யாது என்பதை வாசகர்க்குக் கூறுவது எமது கடமையெனக் கருதுகிறோம்.

எமது வீடு யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடு. பாட்டனார் காலத்திலே சுண்ணக்கல்லும் செங்கல்லும் கொண்டு சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டது. விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்க இரு படிகள். மேற்படியின் விளிம்பிலே ஒரு செங்கல் ஆடத் தொடங்கியதைச் சென்ற ஆண்டு ஆடி மாதத்திலேயே கண்டோம். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாட் காலை, பூப்பறிக்க இறங்கிய எமது அன்னையார் அந்தக் கல்லோடு சரிந்து வீழ்ந்தார். அவருக்கு வயது 78. இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஊன்றுகோலின் துணையுடன் நடக்கவும் தொடங்கினார். ஆயினும் படியைக் கண்டால் அவர் கால் பின்வாங்கியது. முற்றத்து நந்தியாவட்டையும், கிணற்றடியும், வேலியோரத்தில் நின்று அயலாருடன் பேசும் பேச்சும் அவருக்கு எட்டாதனவாயின. விறாந்தைக் கதிரையே அவருலகமாயிற்று. ஒரு கல்லைப் பதிக்க அரை நாள் போதும். அந்த அரை நாளை நாம் ஒதுக்கவில்லை.

மாரி கழிந்து மாசியிலே முதிய மேசன் ஒருவரை அழைத்தோம். அவர் சாந்தகப்பையின் பிடியினாற் படிகளை இடம் இடமாகத் தட்டிக் கேட்டார். சில இடங்களில் ஓசை திண்மையாக எழுந்தது. சில இடங்களில் வெறும் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. "இதன்மேல் சீமெந்து பூசியது யார்?" என்றார். இரண்டாண்டுகளுக்கு முன் படிகளின் தேய்வு தெரியாதிருக்க நாமே பூசுவித்ததை ஒப்புக்கொண்டோம். "தம்பி, நீர் புண்ணைத் துணியால் மூடினீர், மருந்து இடவில்லை" என்றார் அவர்.

அதன் பொருளைப் பின்னரே உணர்ந்தோம். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது; கல்லினுள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும் இயல்புடையது. இங்கிலாந்திலே யோசப் அஸ்பிடின் என்பவர் 1824இல் உரிமைப்பத்திரம் பெற்ற போட்லந்துச் சீமெந்தோ கடினமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி, 1990இல் யுத்தத்தினால் நின்றுபோகும் வரை, எமது பகுதியிலே சீமெந்து கைக்கெட்டும் பொருளாயிருந்தது. புதிய கட்டடங்களுக்கு அது பெருந்துணை. ஆனால் பழைய சுண்ணாம்புக் கட்டின்மேல் அதனைத் தடிப்பாகப் பூசினால், விளிம்பு வெடிப்பினாற் புகும் மழைநீர் உள்ளேயே அடைபடுகிறது. அடியிலுள்ள சாந்து கரைந்து குழியாகிறது. மேலே பார்த்தால் புதிய படி; உள்ளே வெற்றிடம்.

அடுத்து மேசன் அளவுகோலை எடுத்தார். முற்றத்திலிருந்து கீழ்ப்படிக்கு 5 அங்குலம். அதிலிருந்து மேற்படிக்கு 6½ அங்குலம். மேற்படியிலிருந்து விறாந்தைக்கு 8½ அங்குலம். ஆண்டுதோறும் முற்றத்துக்கு மண் கொட்டியதாற் கீழ் உயரம் குறைந்தது. விறாந்தைக்குப் புதுத்தளம் இட்டதால் மேல் உயரம் கூடியது. இது பெருங்குறையாகும். படியிலே நடக்கும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்த்து நடப்பதில்லை. முதலில் வைத்த அடியின் உயரத்தைக் கால் நினைவிற் கொண்டு, அடுத்த அடியையும் அவ்வளவென்றே எதிர்பார்க்கிறது. அரை அங்குல வேறுபாடேனும் இளையோரைத் தடுமாறச் செய்யும், முதியோரை வீழ்த்தும்.

படியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டுக் கட்டடக்கலை அறிஞர் பிரான்சுவா புளொண்டெல் அதனை வகுத்தார். படியின் உயரத்தை இரட்டித்து, மிதிக்கும் பலகத்தின் அகலத்தைக் கூட்டினால், மனிதன் எடுத்துவைக்கும் ஓரடியின் நீளமாகிய ஏறத்தாழ 24 அங்குலம் வரவேண்டும் என்பதே அது. எமது வாசலின் மொத்த உயரம் 20 அங்குலம். அதனை மூன்றாகப் பிரியாமல் நான்காகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் 5 அங்குலமாயிற்று. இருமடங்கு 10, எனவே மிதிபலகம் 14 அங்குலம். இரு படிகள் நின்ற இடத்தில் மூன்று படிகள் எழுந்தன. ஊன்றுகோலும் பாதமும் ஒரே படியிலே ஊன்ற இடம் கிடைத்தது. மாணவர்கள் இக்கணக்கைத் தம் வீட்டுப் படியிலும் பாடசாலைப் படியிலும் செய்து பார்க்கலாம்.

குருநாகல் மாவட்டத்து யாப்பகூவாவிலே 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு மன்னனின் தலைநகர் இருந்தது. அங்கே செங்குத்தாக எழும் கற்படிகளைக் காண்போர் வியப்புறுவர், ஏறுவோர் களைப்புறுவர். அரணுக்கு அது தகும். இல்லத்துப் படியோ வருவோரைத் தடுப்பதற்கன்று, அழைப்பதற்கே உள்ளது.

இனி வேலை நடந்த முறையைக் கூறுவோம். பூசிய சீமெந்தை உளியினால் மெல்லப் பெயர்த்து, ஆடும் கற்களை எடுத்து, பழைய சாந்தைச் சுரண்டிக் கழுவினோம். உடையாத கற்களை மீண்டும் பயன்படுத்தினோம். புதிய கீழ்ப்படிக்கு உறுதியான நிலம் காணும்வரை தோண்டிக் கிறவலிட்டு இடித்து இறுக்கினோம். சீமெந்து ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் ஆறு பங்கு என்பதே சாந்தின் அளவு. கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள உப்பு பின்னர் வெண்மையாகப் பூத்துக் கல்லையும் அரிக்கும். செங்கற்களை நீரில் நனைத்தே வைத்தல் வேண்டும். உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட, சாந்து பிடிப்பற்றுப் போகும். ஒவ்வொரு படியும் முற்றத்தை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிந்திருந்தால் நீர் தங்காது. நீர் தங்காவிடில் பாசியும் குறையும். கட்டி முடிந்ததும் ஈரச்சாக்கினால் மூடி ஒரு வாரம் நீர் தெளித்தோம். சோளகக் காற்று வீசும் நாட்களில் வேலை செய்வோர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. காற்றும் வெயிலும் சாந்தை விரைந்து உலர்த்திப் பலமிழக்கச் செய்யும். இறுதியாக, ஒரு பக்கத்திலே கைபிடிக் கம்பி நாட்டினோம்.

படலையிலிருந்து படிவரையுள்ள நடைபாதையையும் அப்போதே திருத்தினோம். வேப்பமரத்து வேர் அதன் கற்களை உயர்த்தியிருந்தது. மரத்தை வெட்ட மனம் வரவில்லை. பாதையைச் சிறிது வளைத்துக்கொண்டோம். பாதைக்குச் சாந்து வேண்டியதில்லை. 4 அங்குலம் கிறவல் இடித்து, அதன்மேல் ஓரங்குலம் மணல் பரப்பிச் செங்கற்களை நெருக்கி அடுக்கி, இடைவெளிகளில் மணலைக் கூட்டிவிட்டாற் போதும். ஓரக்கற்களை மட்டும் சாந்திலே பதித்தல் வேண்டும். நாளை ஒரு கல் தாழ்ந்தால் அதனை மட்டும் எடுத்து, மணலிட்டு மீண்டும் வைக்கலாம்.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஊடுதெரியும் நீண்ட குழாயிலே காற்றுக் குமிழின்றி நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு இடங்களிற் பிடித்தால், நீர் இரு புறமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பாடநூலிற் கற்ற உண்மையை வீட்டு வாசலிற் கண்ட எமது பிள்ளைகள் பெரிதும் மகிழ்ந்தனர்.

சில எச்சரிக்கைகள் உள. சீமெந்தும் சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் சுடும், கையுறை அணிக, கண்ணிற் பட்டால் நிறைந்த நீராற் கழுவி உடனே வைத்தியரிடம் செல்க. வெளிப்படிகளுக்கு வழுவழுப்பான டைல்ஸ் பதிக்காதீர்கள். நனைந்தால் அது பாசியிலும் கொடியது. பழம்பாசியைத் தும்புத் தூரிகையால் தேய்த்து நீக்குக.

சித்திரைப் புத்தாண்டன்று மருத்துநீர் வைத்துத் தோய்ந்தபின், அன்னையார் விறாந்தை விளிம்புக்கு வந்து நின்றார். ஒரு கை கம்பியிலும் மறுகை ஊன்றுகோலிலுமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். நாம் உதவிக்குக் கை நீட்டினோம், வேண்டாமெனத் தலையசைத்தார். முற்றத்திலே நின்று பேரப்பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்தார். பின்னர் படியைத் திரும்பிப் பார்த்து, "இதை முந்தியே செய்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஐப்பசி மழை வரும்வரை காத்திராதீர்கள். இன்று மாலையே உங்கள் வாசற்படியைத் தட்டிப் பாருங்கள். ஒரு கோலெடுத்து அளந்தும் பாருங்கள்.