பழைய கிற்றாரும் புதிய மெருகும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் எமக்கு எழுதியபோது, பழைய கிற்றார் ஒன்றை வாங்கிப் பேணியதைப் பற்றி எழுதலாமோவென வினவி மறுமொழி விடுத்தோம். அவரிடமிருந்து பதில் வரச் சிறிது காலஞ் சென்றது. அதில் வியப்பொன்றுமில்லை. வீணையும் வயலினும் மிருதங்கமும் முழங்கிய மண்டபத்தையுடையது எமது கல்லூரி. நாம் மாணவராயிருந்த நாளிலே, கிற்றார் பைலாப் பாட்டுக்குரிய வாத்தியம், விடுதி அதிபர் உறங்கிய பின்னர் மீட்டப்படுவது என்பதே பெரியோர் கருத்தாயிருந்தது. அக்கருத்து முற்றும் பிழையென்றுங் கூறோம்; அவர் உறங்கிய பின்னரே நாமும் மீட்டினோம். எவ்வாறாயினும், 'எழுதுக' என மலராசிரியர் ஈற்றில் இசைந்தமையால் எழுதத் துணிந்தோம்.

நாம் சொல்ல வந்தது நீண்ட செய்தியன்று. அரிய பழைய வாத்தியமொன்றை விலைகொடுத்து வாங்குகின்றவர் அதன் கடைசிச் சொந்தக்காரர் அல்லர். முன்னே ஒருவர் இருந்தார், பின்னே ஒருவர் வருவார். இடையில் நிற்பவர் அதற்கு இழைக்கக்கூடிய தீங்குகளுட் பெரியன இரண்டு. ஒன்று, அதனைப் புதிதாக்கிவிடுவது; மற்றது, அதனைப் பூட்டிவைப்பது. இவற்றுள் முன்னையதை நாமே செய்தவராதலின், பிறர்க்குப் புத்தி கூறும் தகுதி எமக்கு அவ்வளவில் உண்டென்று கருதுகின்றோம்.

எம்மிடமுள்ள கிற்றார் 1953ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்னும் சிற்றூரில், மாட்டின் கொம்பனியாராற் செய்யப்பட்டது. இக்கொம்பனியைத் தாபித்த கிறிஸ்ரியன் பிரெடெரிக் மாட்டின் 1796இல் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலே தளபாடத் தச்சர் குடும்பமொன்றிற் பிறந்தவர். வியன்னா நகரிற் கிற்றார்த் தொழில் பயின்றவர். அவருடைய ஊரிலே வயலின் செய்வோர் சங்கத்தார், கிற்றார் செய்யும் உரிமை தமக்கே உரியதென்றும் தளபாடத் தச்சர் அதிலே கைவைத்தலாகாதென்றும் வழக்காடினர். தொழிலுக்கு வேலிகட்டும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்றுபோலும்! மாட்டின் 1833இல் நியூயோர்க்கிற் குடியேறினார். சில ஆண்டுகளின் பின் நாசரேத்துக்குச் சென்றார். அவ்வூரிலேயே அத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

வீணையை அறிந்த நம்மவர்க்குக் கிற்றாரின் இயல்பை விளக்குதல் எளிது. ஏகாந்த வீணை ஒரே பலாமரத்திற் குடைந்தெடுக்கப்படுவது. கிற்றாரோ இதற்கு நேர்மாறானது. மெல்லிய பலகைகளை வளைத்தும் ஒட்டியும் ஆக்கிய கூடு. அதன் மேற்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பே உடையது. அப்பலகையின் மேலே, ஆறு உருக்குத் தந்திகளுஞ் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோகிராம் நிறையளவு இழுவிசையோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலகை பிளந்துவிடாமற் காப்பது அதன் அடியிற் பெருக்கற்குறிபோற் குறுக்கிட்டு ஒட்டப்பட்ட சட்டங்களே. தடிப்பைக் கூட்டினாற் பலகை நிலைக்கும், ஒலி மாளும். குறைத்தால் ஒலி பெருகும், பலகை நெடுங்காலம் நில்லாது. நல்ல கிற்றார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் உடன்படிக்கை என்க.

பழைய தச்சர் இவற்றையெல்லாம் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தாலே ஒட்டினர். சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் நெகிழும். இதனைக் குறையென்பாருமுளர், எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. என்றோ ஒருநாள் இன்னொருவர் இதனைப் பிரித்துத் திருத்த நேருமென்று செய்தவரே எதிர்பார்த்ததற்கு அது சான்று. அத்தகைய மூட்டிலே அவசரத்துக்கு இரசாயனப் பசையை ஊற்றுபவர், பின்வரும் தச்சருக்கு வாயிலை அடைத்துவிடுகின்றார்.

1994இல் ரொறன்ரோ நகரிலே, இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரிடம் இக்கிற்றாரை வாங்கினோம். விலையை இங்கே குறிப்பிடோம். எமது இல்லாளும் இம்மலரைப் படிப்பவள். 00-18 என்னும் சிறிய வகையைச் சார்ந்தது அது. மேற்பலகை ஸ்புரூஸ், முதுகும் பக்கங்களும் மகோகனி, விரற்பலகையும் குதிரையும் பிரேசில் நாட்டு ரோஸ்வூட். விற்பவரே வாங்குபவனுக்குப் பாடஞ் சொன்னது எமது நற்பேறு. "முதலில் அழகைப் பாராதே, கழுத்தைப் பார்" என்றார். எழுபது கிலோ இழுவிசை நாற்பது ஐம்பது ஆண்டுகளிற் கழுத்தைச் சிறிதுசிறிதாக முன்னே சாய்த்துவிடும்; தந்தி மெட்டுக்களுக்கு மேலே உயர்ந்து, விரல் நோகும். அப்பொழுது மூட்டை நீராவியால் நெகிழ்த்திக் கழுத்தைக் கழற்றி, கோணத்தைச் செதுக்கி மீளப் பொருத்தல் வேண்டும். அது நோயன்று, வயது, ஆயினுஞ் செலவுண்டு. அச்செலவை விலையிற் கழித்தே பேசவேண்டுமெனத் தமது பொருளை விற்கும்போதே எமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்!

பின்னர் ஒலித்துளையினுள் ஒரு சிறு கண்ணாடியையும் மின்விளக்கையும் விட்டுச் சட்டங்களைக் காட்டினார். விரல் மடக்கால் முதுகெங்குந் தட்டினார். சட்டமொன்று விட்டிருந்தாற் பறபறவென ஒலிக்குமாம். உள்ளே கழுத்தடிக் கட்டையிற் பொறித்திருந்த இலக்கத்தைப் படிப்பித்தார். 1898 முதல் இக்கொம்பனியார் தம் கிற்றார்களுக்கு வரிசையிலக்கம் இட்டு வருகின்றமையால், செய்த ஆண்டை எவரும் அறியலாம். அவ்விலக்கத்தின் அருமை அன்று எமக்கு விளங்கவில்லை.

இனி எமது பிழையைக் கூறுவோம். இரண்டாண்டுகள் கழிந்தபின் கழுத்தைத் திருத்துவிக்க ஒரு தொழிலாளரிடம் கொண்டுசென்றோம். கெட்டிக்காரர், கழுத்து வேலையை மிகச் செம்மையாகவே செய்தார். கொடுக்கும்போது, "பார்வைக்கும் அழகாக்கித் தாருங்கள்" என்று ஒரு வார்த்தை கூறிவந்தோம். மூன்று கிழமைகளின் பின் சென்றபோது, கிற்றாரில் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. பழைய மெருகை முழுதுந் தேய்த்தெடுத்து, புதிதாகத் தடித்த மெருகு பூசியிருந்தார். நாமும் மகிழ்ந்தோம், இரட்டிப்புக் கூலி கொடுத்தோம்.

அந்த ஆசிரியருக்கு அதனைக் காட்டவேண்டுமென்னும் ஆசையால் எடுத்துச் சென்றோம். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒலித்துளைக்குக் கீழே, நாற்பது ஆண்டுகளாக அவருடைய நகம் பட்டுத் தேய்ந்து வெளுத்த இடம் ஒன்று இருந்தது. அவ்விடத்தை விரலாலே தடவிப் பார்த்தார். அது அங்கே இல்லை. ஒன்றுங் கூறாது தேநீர் வார்க்க எழுந்து சென்றார்.

மெருகு மாற்றிய கிற்றாருக்கு வணிகர் ஏறத்தாழப் பாதி விலையே மதிப்பர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அதனால் எமக்குத் துயரில்லை, விற்க எண்ணியதில்லை. தடித்த பூச்சு மெல்லிய பலகையின் அசைவைத் தடுக்கின்றது என்பதே துயர். முன்பு அறைமுழுதும் நிறைந்த ஒலி, கம்பளத்தாற் போர்த்தியது போலாயிற்று. அத்தொழிலாளரை நாம் குறைகூறோம். கேட்டதைச் செய்தார், கேட்டவர் நாம்.

இதனைக் கேட்ட நண்பரொருவர், "அப்படியாயின் பழைய வாத்தியத்தில் எதனையுந் தொடலாகாது என்பதோ உமது கொள்கை?" என்றார். அன்று. கிளாறன்ஸ் வைற் என்னும் அமெரிக்கக் கலைஞரிடம் 1935ஆம் ஆண்டின் டி-28 வகைக் கிற்றார் ஒன்று இருந்தது. அதன் ஒலித்துளை யாரோ ஒருவராற் பெரிதாக்கப்பட்டது, விரற்பலகையும் மாற்றப்பட்டது. பழம்பொருள் திரட்டுவோரின் அளவுகோலால் நோக்கின் கெட்ட கிற்றார். வைற் 1973இற் குடிவெறியில் வந்த ஒருவரின் மோட்டார் மோதி இறந்தார். 1975இலே ரொனி றைஸ் அதனைத் தேடிப்பிடித்து 550 டொலருக்கு வாங்கி, 2020இல் இறக்குமளவும் தம்முடையதாக வைத்திருந்தார். புளூகிராஸ் என்னும் அந்நாட்டு இசையை விரும்புவோர், அதன் ஒலியைக் கேட்டமாத்திரத்தே இன்ன கிற்றாரென்று சொல்லுவர். ஆகவே மாற்றமே குற்றமன்று. வாசித்தற்காகச் செய்த மாற்றம் வேறு, கண்ணுக்காகச் செய்த மாற்றம் வேறு. நாம் செய்தது இரண்டாவது.

பூட்டிவைப்போரை இனி நோக்குவோம். 2020இலே கேர்ட் கோபேன் வாசித்த 1959ஆம் ஆண்டு மாட்டின் கிற்றார் அறுபது இலட்சம் டொலருக்கு ஏலத்திற் போயிற்று. அத்துணை விலைகொடுத்ததை எவர் மடியில் வைத்து மீட்டத் துணிவார்? விலை ஏற ஏறக் கிற்றார் மரமாகவே மீள்கின்றது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1870களிற் செய்த கிற்றார் ஒன்றை மாட்டின் கொம்பனியின் நூதனசாலையார் 'த ஹேட்ஃபுல் எயிட்' என்னும் 2015ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இரவல் கொடுத்தனர். போலிக் கிற்றாரை உடைக்கவேண்டிய காட்சியில், அறியாது நடிகர் அசலையே அடித்து நொறுக்கிவிட்டார். படத்திற் கேட்கும் நடிகையின் அலறல் நடிப்பன்று. இனித் திரைப்படங்களுக்கு இரவல் இல்லையென நூதனசாலையார் அறிவித்தனர். அவர்கள்மீது எவர் பிழைசொல்வார்? ஆயினும் நெஞ்சம் வில்லி நெல்சனின் பக்கமே சாய்கின்றது. 1969இல் வாங்கிய மாட்டின் கிற்றாரை அவர் அரைநூற்றாண்டுக்கு மேலாக வாசித்து, மேற்பலகையில் ஓட்டை விழுத்திவிட்டார். தச்சர் ஒருவர் அவ்வப்போது அதனைச் செப்பனிட்டுக் கொடுக்கின்றார், ஓட்டையை அடைக்கவில்லை. சரசுவதி பூசையன்று வீணையைக் கும்பத்தடியில் வைப்போர், மறுநாள் விசயதசமியில் அதனை எடுத்து வாசியாது விட்டாற் பூசை நிறைவேறுமோ?

பேணும் முறைபற்றி இளைஞர் கேட்பராதலிற் சில சொல்லுவோம். கிற்றாருக்கு உகந்த ஈரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. ரொறன்ரோவின் பனிக்காலத்தில், வெப்பமூட்டிய வீட்டினுள்ளே அது முப்பதிலும் தாழும். பலகை சுருங்கி வெடிக்கும். எமது கிற்றாரில் நகக்கீறலைத் தடுக்கும் செலுலாயிட் தகடு மெருகில்லாத மரத்தின்மேல் நேரே ஒட்டப்பட்டிருந்தது. காலப்போக்கிற் செலுலாயிட் சுருங்கி மரத்தையும் இழுக்க, ஒரு மாசி மாதத்தில் அதன் ஓரமாய் மூன்றங்குல வெடிப்புத் தோன்றியது. அவ்வாண்டு ஈரமானி வாங்க மறந்திருந்தோம். யாழ்ப்பாணத்திலோ இடர் எதிர்த்திசையிலே வரும். ஈரப்பதன் எண்பதை அணுகும் நாள்கள் பல. மரம் ஊதி மேற்பலகை புடைக்கும், வச்சிரம் தளரும், பெட்டியினுட் பூஞ்சணம் பிடிக்கும். வாசியாத வேளையிற் பெட்டியுள் வைத்து ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை இடுக. வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியினுள் ஒருபோதும் விடற்க. வாசித்தபின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்தல் போதும். எண்ணெயும் மெருகும் வேண்டா. மெருகு என்னுஞ் சொல்லைக் கேட்டாலே இப்போது எமக்குக் கூசுகின்றது.

எமக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் மூவருள் ஒருவரும் கிற்றார் தொடார். ஆதலின் அதனைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட எண்ணினோம்; எண்ணிய பின்னரே அதிலுள்ள சிக்கல் தெரிந்தது. பிரேசில் ரோஸ்வூட் அருகிப் போனமையால், 1969இல் மாட்டின் கொம்பனியார் அதனைக் கைவிட்டுத் தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் மரத்துக்கு மாறினர். தமிழகத்தார் தோதகத்தியென்றும் ஈட்டியென்றும் வழங்கும் மரமே அது. 1992 முதற் பிரேசில் மரத்தின் சருவதேச வணிகம் தடைசெய்யப்பட்டது. விரற்பலகையளவு மரமாயினும், நாடுவிட்டு நாடு செல்ல அத்தடைக்கு முற்பட்டதென மெய்ப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். காட்டைக் காக்கும் சட்டத்தை நொந்துகொள்ளல் அறிவன்று. முன்னோர் தாராளமாக வெட்டியதற்கு நாம் பத்திரம் நிரப்புகின்றோம். ஆசிரியர் அன்று கண்ணாடியிற் காட்டிய இலக்கம், செய்த ஆண்டுக்குச் சான்றாக இப்போது உதவுகின்றது.

அதிபர் அவர்களுக்கு எழுதி, சில நிபந்தனைகளைத் தெரிவித்தோம். கண்ணாடி அலுமாரியில் வைத்தலாகாது. கேட்கும் மாணவன் கையிற் கொடுத்தல் வேண்டும். அறுந்த தந்தியை உடனே மாற்றல் வேண்டும். எவருக்கும் அதனை அழகாக்கும் எண்ணம் உதித்தால், முதலில் இக்கட்டுரையைப் படிக்கக் கொடுத்தல் வேண்டும். அதிபர் சுருக்கமாகப் பதில் விடுத்தார். சங்கீத ஆசிரியைக்குக் கிற்றார் தெரியாதாம். உயர்தர வகுப்பில் இரு மாணவருக்குத் தெரியுமாம். விடுதியில், விளக்கணைத்த பின்னர், அவர்கள் இரவல் கிற்றாரொன்றை மீட்டுவதாக முறைப்பாடு வந்திருக்கின்றதாம்.

விண்ணப்பப் பத்திரத்தை அன்றிரவே நிரப்பினோம். பெறுநர் என்னும் இடத்திற் கல்லூரியின் பெயரை எழுதியிருக்கின்றோம்.