கடை வந்திட்டுது, பஸ் வரேல்லை

எங்கட கம்பஸ் இருக்கிற திருநெல்வேலி, சனத்தின் வாயில் தின்னவேலி, யாழ்ப்பாணத்தின் புறநகர். பழைய சந்தையைச் சுற்றி இப்ப வங்கி, சுப்பர் மார்க்கெட், உடுப்புக்கடை, டியூட்டரி. கோண்டாவில், சுன்னாகம் பக்கமும் இதே கதைதான். போர் முடிந்து ஏ9 வீதி திறந்தது; 2014இல் ரயில் யாழ்ப்பாணம் வந்தது. சாமானுக்குக் குறையில்லை.

ஆனால் விரிவுரை முடிந்து நூலகத்தில் கொஞ்சம் இருந்திட்டு வெளியில் வந்தால், ஊருக்குப் போற பஸ் இல்லை. இருட்டினால் மினிபஸ்ஸும் குறைஞ்சிடும். மோட்டார்சைக்கிள் இல்லாத பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, புத்தகத்தை மூடிவைச்சிட்டு ஓட வேண்டியதுதான்.

காலமை இன்னொரு ஓட்டம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையை நகரப் பாடசாலைக்கு அனுப்புறதுதான் வழமை. பக்கத்துப் பள்ளிக்கூடம் பிள்ளையில்லாமல் ஒடுங்குது.

கடையை லாபம் கூட்டிக்கொண்டு வரும். பின்னேர பஸ்ஸையும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரையும் நாங்கள்தான் கேட்டு எடுக்கவேணும். வாக்குக் கேட்டு வாறவையிட்ட, எத்தனை கட்டடம் கட்டினியள் எண்டு கேட்டது போதும். ஏழு மணிக்குப் பிறகு பஸ் ஓடுமோ எண்டு கேட்பம்.