வியாதியினும் கொடிய அபவாதம்

மனச்சிதைவு நோயால் பீடிக்கப்பட்டு, கணவன்மாரால் கைவிடப்பட்டுப் பிறந்தகத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் பெண்களைக் குறித்துச் சென்னை ஸ்கார்ப் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், சித்தம் கலங்கியவள் என்ற அபவாதத்தைக் காட்டிலும் வாழாவெட்டி என்ற அபவாதமே அவர்களையும் பெற்றோரையும் அதிகமாக வாட்டுகிறதென்று தெரியவந்தது. பெரும்பாலோருக்குக் கணவனிடமிருந்து எவ்வித திரவிய சகாயமும் கிட்டவில்லை. வயோதிகப் பெற்றோருக்கோ தங்கள் காலத்துக்குப் பிறகு மகளின் கதி என்ன என்பதே தீராத விசாரம். மருந்து வியாதியைத் தணிக்கலாம். ஜீவனாம்சத்தை மருத்துவர் எழுதித் தர இயலாது; அதற்கு நீதிமன்றத்தையே நாட வேண்டும். பெண்கள் யாவருக்கும், வருமான வரம்பின்றி, இலவச சட்ட உதவிக்கு 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமே பாத்தியதை அளித்திருக்க, அதை அறியாத இப்பெண்கள் நீதிமன்றத்தைத் தேடி வருவார்களென்று காத்திருப்பது வீண். சட்டப்பணிகள் ஆணைக்குழுவினர் மனநலச் சிகிச்சைப் பிரிவுகளுக்கே சென்று மனுக்களைப் பெற வேண்டும்.