அளந்து அச்சிடுவோம்



சென்ற பொங்கல் விழாவுக்கு நம் மன்றம் அனுப்பிய அழைப்பிதழ்களை நீங்கள் மறந்திருக்கலாம். என்னால் மறக்க இயலாது. முகவரிச் சீட்டுகளை அச்சிட்டவன் நானே! ஒருவருடைய பின்கோடு அடுத்தவர் சீட்டின் தலையில் ஏறிக்கொண்டது. சில உறைகள் திரும்பி வந்தன. பல்லாண்டுகளாகத் தில்லியில் வாழும் பெரியவர் ஒருவர், விழா முடிந்தபின் என்னைக் கண்டு, “என்னை மறந்துவிட்டீர்களா, தம்பி?” என்று கேட்டார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

அடுத்த செயற்குழுவில் நண்பர் சிலர் தீர்ப்பே கூறிவிட்டனர்: “சிறிய சீட்டில் இரண்டு மொழிகள் அடங்கா. இனித் தமிழ் வேண்டாம், ஆங்கிலம் போதும்.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! குற்றம் தமிழினுடையதன்று; அளக்காமல் அச்சிட்ட என்னுடையது.

நடந்தது என்ன? நாம் வாங்கிய ஏ4 தாளில் வரிசைக்கு மூன்றாக எட்டு வரிசைகள், ஆக 24 சீட்டுகள். சொற்செயலியின் பட்டியலில் கண்ட ஓர் அளவை, ‘ஏறக்குறையச் சரி’ என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சீட்டின் மேல்விளிம்பிலிருந்து அடுத்த சீட்டின் மேல்விளிம்பு வரையுள்ள தொலைவில் 1 மில்லிமீட்டர் பிழை. முதல் வரிசையில் அது தெரியவில்லை. எட்டாம் வரிசையை அடைவதற்குள் 7 மில்லிமீட்டராக வளர்ந்துவிட்டது. பெரியவரின் பெயர் இருந்தது அந்தக் கடைசி வரிசையில்!

இதற்கு மருந்து ஓர் அளவுகோலே. மேல் ஓரம், பக்க ஓரம், சீட்டின் உயரம், அகலம், சீட்டுக்குச் சீட்டு உள்ள தொலைவு ஆகியவற்றை அளந்து, ‘புதிய லேபிள்’ என்ற பகுதியில் ஒருமுறை பதிந்து வைத்தால் ஆண்டுதோறும் பயன்படும். உறைக்கும் இதே முறைதான். 110 × 220 மில்லிமீட்டர் உறை ‘டிஎல்’ என்ற பெயரில் பட்டியலிலேயே உண்டு. நம் அழைப்பிதழுக்கெனச் செய்த உறைக்கோ நாமே அளவு தரவேண்டும். சொற்செயலியில் தந்த அளவையே அச்சுப்பொறியின் அமைப்பிலும் தரவேண்டும். ‘பக்கத்தில் பொருத்து’ என்பதை நீக்கிவிட வேண்டும். முதலில் வெறுந்தாளில் அச்சிட்டு, சீட்டுத் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தாள் செலவு; ஒரு கட்டு மிச்சம்.

தமிழ் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ‘கீ’யின் சுழி மேலே எழும், ‘கூ’வின் வால் கீழே இறங்கும். வரி உயரத்தை இறுக்கிப் பூட்டினால் இரண்டும் வெட்டுப்படும். சற்றே தளர்த்துங்கள். 34 மில்லிமீட்டர் உயரமுள்ள சீட்டில் தமிழில் பெயர் ஒரு வரி, ஆங்கிலத்தில் முகவரி நான்கு வரி தாராளமாக அடங்கும். நானே அச்சிட்டுப் பார்த்துவிட்டேன்.

இங்குள்ள அஞ்சல்காரருக்கு ஆங்கில முகவரி தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறையைக் கையில் வாங்குபவர் யார்? ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, தம் பெயரைத் தமிழில் காண்பதே அரிதாகிவிட்ட ஒருவரல்லவா? அந்த ஒரு வரியை நம் சோம்பலுக்குப் பலியிடலாமா?

வரும் பொங்கலுக்கும் சீட்டு அச்சிடும் பணியை எனக்கே தாருங்கள். முதல் உறை அந்தப் பெரியவருக்கு. அதில் அவர் பெயர் தமிழில், முழுமையாக!