ரப்பரைக் கொஞ்சம் கீழே வைப்போம்!



போன வாரம் ஊசல் பரிசோதனை செய்தோம். ஐந்து தடவை நேரம் பார்த்ததில் ஒன்று மட்டும் மற்றதோடு ஒத்து வரல. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரப்பரால் அழிச்சிட்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிட்டேன். டீச்சர் ‘வெரி குட்’ போட்டாங்க. எனக்குத்தான் சந்தோஷமே இல்ல.

அப்புறம்தான் மில்லிகன் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிப் படித்தேன். அவர் சென்ட் அடிப்பது போல எண்ணெயைத் தெளித்தார். அந்தப் பொடித் துளிகளில் மின்னூட்டம் இருக்கும். மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு தட்டு. மின்சாரம் இல்லாதபோது துளி விழும் வேகத்தை வைத்து அதன் எடையைக் கண்டுபிடித்தார். தட்டுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மின்புலம் துளியை மேலே இழுக்கும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். இரண்டும் சமமானால் துளி அந்தரத்தில் நிற்கும்! இப்படி அளந்த மின்னூட்டம் எப்பவும் ஒரே சின்ன அளவின் 1, 2, 3 மடங்காகவே வந்தது. அதுதான் எலக்ட்ரானின் மின்னூட்டம். 1923-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயம். 1913 கட்டுரையில் 58 துளிகளைக் காட்டி, 60 நாளில் பார்த்த எல்லாமே இதுதான் என்று எழுதினார். அவருடைய நோட்டில் அதைவிட நிறைய துளிகள் இருந்தன! ‘எல்லாமே’ என்று சொன்னது தப்பு என்பது என் கருத்து. இருந்தாலும் விட்ட துளிகளின் அளவுகள் அவர் நோட்டில் அப்படியே இருந்தன. சரியில்லாத சிலவற்றின் பக்கத்தில் காரணமும் குறித்தார். அதனால்தான் பிறகு வந்தவங்க எடுத்துப் பார்த்து, விட்ட துளிகளைச் சேர்த்தாலும் விடை பெரிசா மாறாது என்று சொல்ல முடிந்தது.

நான் அழிச்ச எண்ணோ எனக்கே ஞாபகம் இல்ல. நூல் நீளம் தப்பா, எண்ணினது தப்பா, இனி யார் சொல்ல முடியும்?

தோழர்களே, ஒத்து வராத அளவை அழிக்காதீங்க. பக்கத்தில் காரணம் எழுதுங்க. ஆசிரியர்களே, அதற்காக மார்க் குறைக்காதீங்க. மார்க் போய்விடும் என்ற பயத்தில்தான் நாங்க ரப்பரைத் தேடுகிறோம்.

இது என் கருத்து. உங்க கருத்து என்ன?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி