பேசினால் டைப் ஆகும். அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா?

"ஏனுங்க, நாம பேசப் பேச அதுவே டைப் பண்ணிக்குமாமே, அந்த சாப்ட்வேர் என்ன விலைங்க?"

சத்தியமங்கலத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்தால் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுபவரும் கேட்கிறார், ஓய்வு பெற்ற வாத்தியாரும் கேட்கிறார். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். தமிழில் எழுதத்தான் வேண்டும் என்றால் விலை கொடுத்து எந்தப் புரோகிராமும் வாங்காதீர்கள். கையில் காசு இருந்தால் அதில் ஒரு நல்ல ஹெட்செட் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? இந்தத் துறையில் பெரிய பெயர் டிராகன். அமெரிக்காவில் பேக்கர் தம்பதியர் 1982ல் தொடங்கிய நிறுவனம் அது. 1990ல் அவர்கள் கொண்டு வந்த டிராகன் டிக்டேட் 9,000 டாலர்! அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். இயல்பாகப் பேசினால் எழுதும் டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் 1997ல் வந்தது. அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வயா வாய்ஸும் வந்தது. டிராகன் இப்போது மைக்ரோசாப்ட்டின் கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேலை செய்யும் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் அது பயன்படும். ஆனால் அதில் தமிழ் கிடையாது. 2007ல் விண்டோஸ் விஸ்டாவுடன் மைக்ரோசாப்ட் இலவசமாகத் தந்த வசதியிலும் தமிழ் இல்லை. கடைக்காரர் ஒருவர் அழகான அட்டைப் பெட்டியைக் காட்டி "இதுல எல்லா மொழியும் வருமுங்க" என்றால், பெட்டியின் பின்புறம் உள்ள மொழிப் பட்டியலில் தமிழ் என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள்.

தமிழுக்கு வழி திறந்தது 2017 ஆகஸ்ட்டில். அப்போது கூகுள் தன் குரல் டைப்பிங்கில் 30 மொழிகளைப் புதிதாகச் சேர்த்தது. தமிழும் அதில் ஒன்று. இன்று குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு மைக் படம் தோன்றும். அதன் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்துப் பேசத் தொடங்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் இது திறக்கும். பட்டியலில் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா தமிழும் தனித்தனியாக உண்டு. பயர்பாக்ஸ் பிரவுசரில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

விண்டோஸ் 11 உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்து, கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, விண்டோஸ் கீயையும் எச் கீயையும் சேர்த்து அழுத்தினால் வேர்டு, நோட்பேட் என எங்கே கர்சர் இருக்கிறதோ அங்கே எழுதும். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனிக்கவும். விண்டோஸ் 10ல் இந்தக் கீகள் தமிழுக்கு உதவாது. மைக்ரோசாப்ட் அதற்கான பொது ஆதரவையும் 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. அவர்களுக்கு கூகுள் டாக்ஸ்தான் வழி.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பில் உள்ள மைக் சீலிங் பேன் சத்தத்தையும், தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரனையும் சேர்த்தே கேட்கும். வாய்க்கு அருகில் மைக் இருக்கும் சாதாரண ஹெட்செட் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. விலை உயர்ந்த சாப்ட்வேர் தராத முன்னேற்றத்தை இது தரும். என் அனுபவத்தில், ஹெட்செட் மாட்டியதும் பிழைகள் குறைவதைப் பார்த்து "இது வேற சாப்ட்வேருங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

அடுத்து நம்ம ஊர்ப் பேச்சு. 'திம்பம் மலையில் மழை' என்று சொன்னால் கம்ப்யூட்டர் ல, ழ இரண்டையும் காதால் மட்டும் பிரித்து அறிவதில்லை. பக்கத்துச் சொற்களைப் பார்த்து, இங்கே எது பொருந்தும் என்று கணக்குப் போடுகிறது. அதனால் ஒரு சொல் சொல்லி நிறுத்தி, அது வந்ததா என்று பார்த்து, அடுத்த சொல்லைச் சொல்வது தவறான முறை. அதற்குக் கிடைக்கும் துப்பே குறைந்து போகும். முழு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'போயிட்டு வந்துட்டேனுங்க' என்றால் அப்படியே எழுதவும் செய்யும், சில நேரம் சம்பந்தமில்லாமல் எதையாவது எழுதவும் செய்யும். 'சென்று வந்தேன்' என்றால் சரியாக வரும். அதாவது, ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல் நாம் மாற வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. மெஷின் நம் பேச்சைக் கற்க வேண்டுமே தவிர, நாம் மெஷினுக்காக நாக்கை மாற்றிக்கொள்ளக் கூடாது. மோசில்லா 2017ல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. யாரும் அதில் வாக்கியங்களை வாசித்துத் தங்கள் குரலைத் தரலாம். அந்தப் பதிவுகளை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். கொங்கு நாட்டுக் குரல்கள் அங்கே சேர்ந்தால்தான் நாளை வரும் புரோகிராம்களுக்கு நம் இழுவை புரியும். மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இலவசம் என்றால் சும்மா வருமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மேலே சொன்ன இரண்டு வழிகளிலும் நம் குரல் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகித் திரும்புகிறது. கல்யாணப் பத்திரிகை வாசகம் எழுதப் பரவாயில்லை. பாங்க் விவரம், பாகப்பிரிவினை, உடல்நலச் சங்கதி இவற்றை அப்படிச் சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். மேலும் கடம்பூர், ஆசனூர் பக்கம் இருப்பவர்களுக்கு நெட் நிலையாகக் கிடைத்தால்தானே!

இவர்களுக்கு விஸ்பர் என்ற புரோகிராம் உண்டு. ஓபன் ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் இலவசமாக, ஓபன் சோர்ஸாக வெளியிட்டது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும். சப்டைட்டில் எடிட் என்ற இலவசப் புரோகிராமின் உள்ளேயே இதைப் பயன்படுத்தலாம். முதலில் பேசி ஒலிப் பைலாகப் பதிந்துகொண்டு, பிறகு அதை எழுத்தாக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் துல்லியம் தமிழில் இல்லை. சிறிய மாடல்களில் தமிழ் மிகவும் தடுமாறும். பெரிய மாடலுக்குச் சக்தி வாய்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டும், இல்லையேல் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, நீங்கள் பேசாமல் இடைவெளி விட்டால் அது தானாகவே ஏதாவது வாக்கியத்தைச் சேர்த்துவிடும். புதியவர்களுக்கு இது முதல் தேர்வு அல்ல. ரகசியம் வேண்டுவோருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கும் மட்டும் சொல்கிறேன்.

இத்தனை குறை இருந்தும் ஏன் பரிந்துரைக்கிறேன்? எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவருக்குக் கை நடுக்கம். பேனா பிடித்து மூன்று வரி எழுதினால் நான்காவது வரி அவருக்கே புரியாது. கீபோர்டும் ஒத்துவரவில்லை. இப்போது தினமும் காலையில் டாக்ஸில் ஒரு பக்கம் பேசுகிறார். அவர் மகள் மாலையில் ஒற்றுப்பிழைகளைத் திருத்துகிறாள். அவருக்கு வாய்ஸ் டைப்பிங் ஆடம்பரமல்ல. கை நன்றாக இருப்பவர்களுக்கு வேறு விதமாகச் சொல்வேன். 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 கீபோர்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பேசி எழுதியதைத் திருத்த அது இல்லாமல் முடியாது. முற்றுப்புள்ளி, கமா கூட டாக்ஸில் தமிழில் பேசும்போது கீபோர்டில்தான் தட்ட வேண்டும்.

கடைசியாக எண்கள். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும்போது 'நூற்று எழுபத்து மூன்று பை இரண்டு' என்று சர்வே எண்ணைச் சொன்னால், அந்தப் 'பை' சாய்கோடாக வராமல் துணிப் பையாகவும் வரலாம், எண்ணே மாறியும் வரலாம். பெயர், தேதி, சர்வே எண், தொகை இந்த நான்கையும் பேசாதீர்கள், கையால் டைப் செய்யுங்கள். பிரிண்ட் எடுத்த பிறகு பட்டாவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.